பின்வரிசையில் நிற்பவர்



ஓர் ஆலயத்திற்குள் நுழைவது எளிது. அங்குள்ளோரில் ஒருவராவது எளிதன்று. எங்கே அமர்வது, எப்போது எழுவது, யாரிடம் பேசுவது என்று அறியாது பின்வரிசையில் நிற்போர் எச்சமயத்திலும் உண்டு. இத்தகையோரைக் குறித்து யூத மக்களுள் முற்போக்கு நெறியினர் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட வழியை இம்மாதம் நாம் நோக்குவோம்.

இந்நெறி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எழுந்தது. 1818-இல் ஹாம்பர்க் நகரில் திறக்கப்பெற்ற ஆலயத்தில், மக்கள் பேசும் ஜெர்மன் மொழியிலும் செபங்களும் மறையுரையும் ஒலித்தன. இங்கிலாந்தில் இதற்கு உயிரூட்டியவர் ஒரு பெண்மணி. 1873-இல் பிறந்த லில்லி மாண்டேகு, பழைய மரபில் உறுதியாக நின்ற செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். லண்டனில் உழைக்கும் யூதப் பெண்களுக்கென 1893-இல் அவர் ஒரு மன்றம் அமைத்தார். வயிற்றுப்பாட்டுக்காக உழைத்த இப்பெண்களுக்கு எபிரேய மொழியில் நடந்த நீண்ட வழிபாடு எட்டாத ஒன்றாயிருந்ததை அவர் கண்டார். அறிஞர் கிளாட் மான்டிஃபியோர் முதலியோர் துணைநிற்க, 1902 அக்டோபரில் ஓர் ஓய்வுநாளின் பிற்பகலில் புதிய வழிபாடு தொடங்கிற்று. காலையில் வேலைக்குச் சென்றவரும் வரத்தக்க நேரம் அது. ஆண்களும் பெண்களும் சேர்ந்தே அமர்ந்தனர். பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் லில்லியின் தந்தை சாமுவேல் மாண்டேகு இதனை ஏற்கவில்லை. பிறருக்கு ஓர் ஆன்ம இல்லத்தைத் திறந்த மகள், தன் சொந்த இல்லத்தில் அதற்கு விலை கொடுத்தார்.

அவ்வலை நம் நாட்டுக் கரையையும் தொட்டது. லண்டனில் மருத்துவம் பயின்ற யெருஷா ஜிராட் அம்மையார் அங்கு இவ்வியக்கத்தை அறிந்து, 1925-இல் பம்பாயில் பெனே இஸ்ராயேல் யூதரிடையே இதே நெறியில் ஒரு சபை உருவாக வழிவகுத்தார்.

புதியவர் ஒருவர் அங்கே எவ்வாறு சொந்தமாகிறார்? துக்க காலத்தை எண்ணிப் பாருங்கள். இறந்தோர் நினைவாக யூதர் சொல்லும் காதிஷ் என்னும் செபம் அரமேய மொழியில் அமைந்தது. அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, முழுவதும் இறைபுகழ்ச்சியே. அதனைத் தனியே சொல்வது மரபன்று; வயது வந்தோர் பத்துப் பேர் கூட வேண்டும். பழைய மரபு ஆண்களையே எண்ணும். முற்போக்குச் சபையினர் பெண்களையும் எண்ணுகின்றனர். எனவே தாயை இழந்த மகளும் அங்கே எழுந்து நின்று செபிக்கலாம். மற்றொருவரின் துக்கத்தில் அப்பத்துப் பேருள் ஒருத்தியாகவும் நிற்கலாம். துக்கமுற்றோர் தனித்து நிற்கலாகாது என்று சபையார் அனைவரும் எழுந்து நிற்கும் வழக்கமும் பல செபக்கூடங்களில் உண்டு.

பிற குலத்திலிருந்து வருவோருக்கு வாசல் திறந்திருப்பினும் வழி குறுகியதன்று. பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ அவர்கள் கற்க வேண்டும். ஓய்வுநாளையும் பண்டிகைகளையும் சபையாருடன் அனுசரித்துப் பழக வேண்டும். பின்னர் மூவர் அடங்கிய சமய மன்றத்தின் முன் நின்று மறுமொழி கூற வேண்டும். அதன்பின் எபிரேயப் பெயர் சூட்டப்பெற்று, ஆபிரகாம், சாரா ஆகியோரின் பிள்ளை என அழைக்கப்படுவர். இவ்வாறு வந்தவரின் பிள்ளைகளிடம் முன்னோரின் பழைய வாழ்வைச் சுட்டிக்காட்டி மனம் நோகச் செய்யலாகாது என்பது யூதரின் பண்டைய சட்டம். மோவாபியப் பெண்ணாகிய ரூத்தின் வரலாறு பெந்தகோஸ்து பெருவிழாவில் அவர்களிடையே வாசிக்கப்படுவது நாம் அறியத்தக்கது.

இவ்வழியில் வேதனையும் இல்லாமலில்லை. தாய் யூதராயிருந்தாலே பிள்ளை யூதர் என்பது தொன்மையான நெறி. தந்தை மட்டும் யூதராயினும், பிள்ளை அச்சமயத்தில் வளர்க்கப்பெற்று அதன் கடமைகளை ஏற்குமாயின் யூதரென ஏற்கலாம் என 1983-இல் அமெரிக்கச் சீர்திருத்த ராபிகள் தீர்மானித்தனர். பழைய மரபினர் இதனை ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே ஒரு செபக்கூடத்தில் பிள்ளையாக வளர்ந்தவர், அடுத்த தெருவிலுள்ள மற்றொன்றில் அந்நியராகவே கருதப்படலாம். மரபைக் காக்க விழைவோரின் அச்சத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. எனினும் இருதரப்பு நியாயங்களுக்கிடையே நிற்கும் அவ்விளைஞனின் துயரம் உண்மையானது.

ஓய்வுநாள் வழிபாடு முடிந்ததும் திராட்சை இரசத்தின் மேல் வாழ்த்துரை கூறி, அப்பம் பகிர்ந்து, சற்று நேரம் அளவளாவிச் செல்வது அவர்தம் வழக்கம். புதியவரின் பெயரைக் கேட்பதற்கும், மறுவாரம் அப்பெயர் சொல்லி அழைப்பதற்கும் அவ்வேளை உதவுகிறது. நம் ஆலயத்தில் பின்வரிசைத் தூணருகே மாதக்கணக்கில் நின்றுவிட்டுப் போகும் குடும்பம் ஏதேனும் உண்டா? அவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா? வருகின்ற ஞாயிறன்று நம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச்சென்று கேட்டறிவோம்.