மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் இருக்கு... மனசுக்கு?



ஆண்டு மலர் என்றால் நட்பு, காதல், அம்மா, வருங்கால இந்தியா என்று எழுதுவதுதான் வழக்கம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ரெக்கார்டு நோட்டைப் பற்றி. சிரிக்காதீர்கள்! ரெக்கார்டு நோட்டைத் திறக்க முடியாமல் படிப்பையே விட்டுட்டுப் போன ஒருவனை எனக்குத் தெரியும்.

முதல் வருஷத்தில் 82 சதவீதம் எடுத்தவன் அவன். நாலாவது செமஸ்டரில் ஒரே ஒரு ரெக்கார்டு பாக்கி விழுந்தது. சார் கேட்பாரே என்ற பயத்தில் லேப் இருக்கும் நாளில் லீவு போட்டான். லீவு போட்டதால் இன்னும் ரெண்டு எக்ஸ்பரிமெண்ட் பாக்கி. அப்புறம் அட்டெண்டன்ஸ் குறைந்தது. அந்தப் பயத்தில் ஒரேயடியாக நின்றுவிட்டான். "சோம்பேறிப் பய" என்றார்கள் சிலர். "திமிரு" என்றார்கள் சிலர். அவன் அம்மாவோ, "ராத்திரி பூரா தூங்க மாட்டேங்கறான், சோறு இறங்க மாட்டேங்குது, என்னான்னே தெரியலப்பா" என்று எங்களிடம் அழுதார்கள்.

சோம்பேறித்தனம் எது, நோய் எது என்று பிரித்துப் பார்ப்பது ரொம்பக் கஷ்டமில்லை. சோம்பேறி லேப்பைக் கட் அடித்தால், மேட்னி ஷோவை ரசிச்சுப் பார்ப்பான். ராத்திரி குறட்டை விட்டுத் தூங்குவான். மனச்சோர்வு உள்ளவனுக்குப் படமும் ரசிக்காது, பிடிச்ச கிரிக்கெட்டும் பிடிக்காது. ராத்திரி 2 மணிக்குக் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு, செய்யாத வேலையையே நினைச்சுக்கிட்டுக் கிடப்பான். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயா என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கும் இருக்கு. இரண்டாம் வருஷத்தில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில், பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்தே இருப்பதாக டாக்டர் சொன்னார். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. மஞ்சள் காமாலை வந்தால் மறைக்கிறோமா? மெஷின்ஸ் லேப் ரெக்கார்டைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். 12 எக்ஸ்பரிமெண்ட், ஒவ்வொன்றுக்கும் சர்க்யூட், டேபிள், கிராஃப்... எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் ஏறி உட்காரும். இன்றைக்கும் நான் முழுசாகக் குணமானவன் இல்லை. ஆனாலும் ரெக்கார்டு முடித்தேன், வைவா முடித்தேன், இதோ கடைசி செமஸ்டருக்கு வந்துவிட்டேன். எப்படி என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாம் படிக்கும் பாடத்திலிருந்தே சொல்கிறேன். (சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்!) ஒரு இண்டக்ஷன் மோட்டாரை நேரடியாக லைனில் போட்டால் என்ன ஆகும்? நிற்கிற நிலையில் அதன் ஸ்லிப் 1. ஃபுல் லோடு கரண்டைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் அவ்வளவு கரண்ட் தேவையே இல்லை. அதனால்தான் பெரிய மோட்டாருக்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வைக்கிறோம். முதலில் ஸ்டாரில் போட்டால் வைண்டிங்குக்கு 58 சதவீத வோல்டேஜ்தான் போகும். லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். டார்க்கும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் லோடையும் குறைத்து வைக்கிறோம். வேகம் பிடித்த பிறகுதான் டெல்டா.

சோர்ந்து போன மனசும் அப்படித்தான். ஸ்டார்ட் ஆவதுதான் அதற்குப் பெரும்பாடு. அதன் தலையில் 12 எக்ஸ்பரிமெண்ட்டையும் ஒரே ராத்திரியில் ஏற்றினால் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகத்தான் செய்யும். ரிலே ட்ரிப் ஆன மோட்டாரை யாராவது சோம்பேறி மோட்டார் என்று சொல்கிறோமா? லோடைக் குறைத்து, ரிலே ஆறிய பிறகு ரீசெட் பண்ணுகிறோம். மனுஷனுக்கு மட்டும் ஏன் வசவு?

"மனசு சரியானதும் உட்கார்ந்து செஞ்சிடுவேன்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இதுதான் பெரிய பொறி. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியல் அறிஞர் பீட்டர் லெவின்சன் 1970-களிலேயே இதை விளக்கினார். சோர்வு வந்தால் செயல் குறைகிறது. செயல் குறைந்தால் சந்தோஷமும் திருப்தியும் கிடைப்பது குறைகிறது. அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது. செக்குமாடு மாதிரி இதே வட்டம்தான்! இதை உடைக்க, மனசுக்காகக் காத்திருக்காமல் சின்னச் செயலை முதலில் செய். மனசு பின்னால் வரும் என்பது அந்த வழியில் வளர்ந்த சிகிச்சை.

"அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் நாட்டில் கோவாவில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 39 பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இந்தப் பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 பேர். சாதாரண விஷயமா இது?

சரி, நம்ம ரெக்கார்டுக்கு வருவோம். நான் செய்தது இவ்வளவுதான்.

முதலாவது, தலையில் இருக்கிறதை எல்லாம் ஒரு பேப்பரில் இறக்கினேன். தலையில் இருக்கும்போது மலை மாதிரி இருந்தது. பேப்பரில் எண்ணிப் பார்த்தால் 31 வேலை. கூடுதல்தான், ஆனால் எண்ணக்கூடியது.

இரண்டாவது, ஒவ்வொன்றையும் 10 நிமிஷத்தில் முடியும் அளவுக்கு வெட்டினேன். "ரெக்கார்டு முடிக்கணும்" என்று எழுதினால் கை ஓடாது. "மூணாவது எக்ஸ்பரிமெண்ட், இடது பக்கம், சர்க்யூட் மட்டும் பென்சிலில்" என்று எழுதினால் கை ஓடும். லேத்தில் 10 மில்லிமீட்டரை ஒரே கட்டில் எடுக்கிறோமா? டூல் உடைந்து போகாதா?

மூன்றாவது, தனியாக உட்காரவில்லை. ஒரு நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வேலையை அவன் பார்த்தான், என் வேலையை நான் பார்த்தேன். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அந்த 40 நிமிஷம் எனக்குச் செய்த உதவியை ஆயிரம் புத்திமதி செய்திருக்காது.

நாலாவது, முடிக்கும்போது மறுநாளுக்கான ஆரம்பத்தைத் தயார் பண்ணி வைத்தேன். நோட்டு அந்தப் பக்கத்தில் திறந்திருக்கும், பென்சில் சீவியிருக்கும்.

ஐந்தாவது, ரொம்ப மோசமான நாளில் மார்ஜின் மட்டும் போட்டேன். அதையும் கணக்கில் டிக் அடித்தேன். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம்தான் அதிக தூரம் நண்பர்களே!

ஆறாவது, சாரிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். "சார், எனக்கு உடம்பு சரியில்ல, ட்ரீட்மெண்ட் எடுக்கறேன். வாரம் ரெண்டு எக்ஸ்பரிமெண்ட் கொண்டு வந்து கையெழுத்து வாங்கிக்கறேன்." திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். "சரி, திங்கக்கிழமை வா" என்றார். அவ்வளவுதான்.

இந்த ஆறையும் செய்தால் டாக்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டுப் போனவனுக்கு டாக்டர் கட்டாயம் வேண்டும். மாத்திரை எழுதினால் பலன் தெரிய சில வாரம் ஆகும். நாலு நாளில் ஒன்றும் தெரியலையே என்று நாமாக நிறுத்தக் கூடாது. செத்துப் போய்விடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே, அந்த மணியே ஒருவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

"எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது, நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் காலத்திலும் இருந்தது, பேர்தான் இல்லை. பாதியில் படிப்பை விட்ட சித்தப்பா, காரணமே தெரியாமல் வீட்டோடு முடங்கிப் போன மாமா எந்த ஊரில் இல்லை? நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்கள். ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு, காலை 6 மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு இங்கே இங்கிலீஷ் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள். நம்மில் ஒருவன் நின்று போனால் அந்தக் குடும்பத்தின் ஒரு தலைமுறைக் கனவே நின்று போகிறது.

ஆகவே நமது மாணவர் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, எல்லா நோட்டீஸ் போர்டிலும், ஹாஸ்டல் மெஸ்ஸிலும் 14416 என்ற எண் பெரிதாக எழுதப்பட வேண்டும். இரண்டு, ரெக்கார்டைச் செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கேட்காமல், வாரம் ஒரு எக்ஸ்பரிமெண்ட் என்று கையெழுத்துப் போட எல்லாத் துறைத் தலைவர்களிடமும் சங்கம் பேச வேண்டும். மூன்று, எந்த வகுப்பிலாவது ஒருவர் தொடர்ந்து ஒரு வாரம் வரவில்லை என்றால், வகுப்பிலிருந்து இரண்டு பேர் வீடு தேடிப் போக வேண்டும். விசாரணை செய்ய அல்ல, பக்கத்தில் உட்கார.

கலை விழாவுக்கு மேடை போட நம்மால் முடிகிறது, கிரிக்கெட் டோர்னமெண்ட் நடத்த முடிகிறது. இது அதைவிடச் செலவு குறைவான வேலை. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருவோம். அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பெஞ்சில் யாருடைய இடம் காலியாக இருக்கிறது என்று நாளைக் காலையிலேயே பாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு எலக்ட்ரிகல் மாணவன்