வங்குரோத்தான நாட்டுக்கு மறுவாய்ப்பு. வன்னியின் கடனாளிக்கு எப்போது?

வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்த இயலாத நிலையில் இருப்பதாக 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை அரசாங்கம் உலகுக்கு அறிவித்தது. நாடு வங்குரோத்து நிலையை அடைந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஆயினும் நாட்டின் கதவு என்றென்றைக்குமாக அடைக்கப்படவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கைகொடுத்தது. 2024 டிசம்பரில் 12.5 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட பிணைமுறிக் கடன் மறுசீரமைக்கப்பட்டது. கடன் கொடுத்தோர் தமக்குரியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர், தவணைகள் நீடிக்கப்பட்டன. அதே மாதத்தில் பிட்ச் நிறுவனம் இலங்கையின் கடன் தரத்தை உயர்த்தியது. கடனைக் கட்டத் தவறிய ஒரு நாடு மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் கடன் பெறும் தகுதியை நோக்கி நகரத் தொடங்கியது.

இதில் தவறு காண்பதற்கு எதுவுமில்லை. விழுந்தவர் எழுந்து நடப்பதற்கு வழிவிடுவதே நியாயம். ஆனால், நாட்டுக்குப் பொருந்திய இந்த நியாயம் கிளிநொச்சியில் உழவு இயந்திரத்தை லீசிங்கில் எடுத்துத் தவணை தவறிய விவசாயிக்கும், முல்லைத்தீவுக் கரையில் வலையும் இயந்திரமும் வாங்கக் கடன்பட்ட மீனவருக்கும், வவுனியாவில் கடனட்டை நிலுவையில் சிக்கிய சிறு வர்த்தகருக்கும் ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வியை நாம் எழுப்பாமல் இருக்க முடியாது.

வன்னியின் கடன் வரலாறு ஏனைய பிரதேசங்களின் கடன் வரலாற்றைப் போன்றதன்று. 2009 இல் யுத்தம் முடிவடைந்து முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய மக்களிடம் நகையும் இருக்கவில்லை, கால்நடையும் இருக்கவில்லை, பலரிடம் காணி உறுதி கூட இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இரு தசாப்தங்களின் பின் முல்லைத்தீவு உள்ளிட்ட தமது பூர்வீக இடங்களுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் நிலையும் இதுவே. சேமிப்பு எதுவுமற்ற இம்மக்களின் வாசலுக்கு ஏ9 வீதி வழியாக முதலில் வந்து சேர்ந்தவற்றுள் நிதிக் கம்பனிகளும் நுண்நிதி நிறுவனங்களும் அடங்கும். வருமானத்திற்கான வழி திறக்கப்படும் முன்னரே கடனுக்கான வழி திறக்கப்பட்டது.

அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. கணவனை இழந்த பெண்கள், ஒரு கடனை அடைக்க மறு கடன் என்று நான்கைந்து நிறுவனங்களுக்கு வாராந்தம் தவணை கட்டும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு விஜயம் செய்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, நுண்நிதிக் கடன்களுக்கான மிதமிஞ்சிய வட்டியையும் வசூலிப்போரால் பெண்கள் அனுபவிக்கும் துன்புறுத்தல்களையும் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்நிதிக் கடன்களைச் செலுத்த முடியாதிருந்த பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அனுமதிபெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்நிதிக் கடனுக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற வட்டி உச்சவரம்பை மத்திய வங்கி விதித்தது. உச்சவரம்பே 35 சதவீதம் என்றால், அதற்கு முன்னர் நிலவிய நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

அதன் பின்னரும் அடிகள் ஓயவில்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூழ்கடித்தது. கொரோனாவும், 2021 இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையும், 2022 ஏப்ரலில் கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டமையும் தொடர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. இவற்றுள் எதுவும் கடனாளியின் ஊதாரித்தனத்தால் விளைந்ததன்று. எனினும் தவணை தவறியது என்ற பதிவு மட்டும் அவரது பெயரில் ஏறிவிடுகின்றது. ஏன் தவறியது என்பதற்கு அந்தப் பதிவில் இடமில்லை.

1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தையே எமது மக்கள் 'கிறிப்' என அழைக்கின்றனர். 'கிறிப்பில் பெயர் விழுந்துவிட்டது' என்பது இன்று வன்னியில் ஒரு சாபம் போலப் பேசப்படுகின்றது. உண்மையில் அப்பணியகம் கறுப்புப் பட்டியல் எதனையும் வைத்திருப்பதில்லை. யாருக்குக் கடன் கொடுக்க வேண்டும், யாருக்குக் கடனட்டை வழங்க வேண்டும் என்று தீர்மானிப்பதுமில்லை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுக்கும் தகவலைத் திரட்டித் தருவதே அதன் பணி. முடிவெடுப்பது வங்கியே. ஆகவே பணியகத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு வங்கி முகாமையாளர் கைகழுவிக்கொள்ள இடமளிக்கலாகாது.

இன்னுமொரு விடயமும் கவனத்திற்குரியது. அறிக்கையில் கடன் பெற்றவரின் பெயர் மட்டுமன்றிப் பிணையாளரின் பெயரும் இடம்பெறுகின்றது. அயலவர் ஒருவருக்காக முகத்தாட்சண்யத்தில் கையொப்பமிட்ட ஆசிரியர், பின்னர் தமது தேவைக்காக வங்கிக்குச் செல்லும்போதே அதன் பாரத்தை உணர்கின்றார்.

பிரித்தானியாவில் வங்குரோத்தானவர் என்று நீதிமன்றத்தால் பிரகடனப்படுத்தப்பட்ட ஒருவர், வழமையாக 12 மாதங்களில் அந்நிலையிலிருந்து விடுவிக்கப்படுகின்றார். ஆறு ஆண்டுகளின் பின் அவரது கடன் அறிக்கையிலிருந்து அப்பதிவு நீங்குகின்றது. அமெரிக்காவில் அது கூடியது பத்து ஆண்டுகள். தண்டனை உண்டு, ஆனால் தண்டனைக்கு முடிவும் உண்டு. இலங்கையிலோ தனிநபர் வங்குரோத்து தொடர்பான கட்டளைச் சட்டம் 1853 ஆம் ஆண்டில், குடியேற்றவாத ஆட்சிக் காலத்தில் இயற்றப்பட்டது. சாதாரண மக்கள் அதனை நாடியது மிக அரிது. அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரும் முயற்சி அண்மைய ஆண்டுகளில் முன்னெடுக்கப்பட்டது. அத்தகைய சட்டம் கொழும்பின் பெரும் கம்பனிகளை மீட்பதற்கு மட்டும் பயன்பட்டு, மாங்குளத்திலும் செட்டிகுளத்திலும் உள்ள தனிமனிதருக்கு எட்டாக்கனியாகிவிடலாகாது. வங்கிகள் நீதிமன்றம் செல்லாமலே அடமானச் சொத்தை ஏலமிடும் அதிகாரத்தை 2024 இல் தற்காலிகமாக நிறுத்திவைக்க முடிந்ததென்றால், சிறு கடனாளிக்கும் ஒரு பொறிமுறையை உருவாக்க முடியும் என்பதே எமது நிலைப்பாடு.

சட்டம் வரும்வரை கைகட்டிக் காத்திருப்பதும் விவேகமன்று. தம்மைப் பற்றிய அறிக்கையை ஒருவர் தாமே பெற்றுப் பார்க்கலாம். கட்டி முடித்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருப்பின், கடன் கொடுத்த நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிட்டுத் திருத்தக் கோர வேண்டும். மீதிக் கடனுக்குப் புதிய தவணை கேட்பதாயின் அதனையும் எழுத்தில் பெறுதல் அவசியம். முடித்த கடனுக்குரிய கடிதத்தைக் காணி உறுதியைப் போலப் பாதுகாத்தல் வேண்டும். ஒரு வங்கி மறுத்ததும் அடுத்தடுத்துப் பல வங்கிகளுக்கு விண்ணப்பிப்பது நன்மை தராது. அவ்விசாரணைகளும் அறிக்கையில் பதிவாகின்றன. நிலையான வைப்பொன்றைப் பிணையாக வைத்துச் சிறு தொகைக்குக் கடனட்டை பெற்று, மாதாந்தம் தவறாது முழுத் தொகையையும் செலுத்தி நம்பிக்கையை மீளக் கட்டியெழுப்புவது ஒரு வழி. 'கிறிப்பைச் சுத்தப்படுத்தித் தருகிறோம்' என்று பணம் கேட்கும் தரகர்களிடம் ஏமாறலாகாது. அத்தகைய குறுக்குவழி எதுவுமில்லை.

சமூகத்திற்கும் இதில் பொறுப்புண்டு. இஸ்லாம் வட்டியைத் தடை செய்வதோடு நின்றுவிடவில்லை. சிரமத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்கப் பணிக்கின்றது. ஸகாத் பெறத் தகுதியுடையோருள் கடனாளியையும் சேர்த்திருக்கின்றது. கர்ழன் ஹஸனா எனும் வட்டியில்லாக் கடன் வன்னியின் முஸ்லிம் கிராமங்களில் ஒழுங்குமுறையாக வளர்க்கப்பட வேண்டும். தமிழ்க் கிராமங்களில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் நீண்ட மரபுடையவை. அவற்றை மீள வலுப்படுத்தினால், வங்கி கைவிட்டவர் வாரவட்டிக்காரரிடம் செல்ல வேண்டிய தேவை குறையும். இரு சமூகங்களும் தத்தமது மரபிலிருந்து ஒரே நோய்க்கு மருந்து தேடலாம்.

அரசாங்கத்திடமும் மத்திய வங்கியிடமும் நாம் வேண்டுவது கடன் தள்ளுபடியை அன்று. இயற்கை அனர்த்தத்தாலும் பொருளாதார நெருக்கடியாலும் தவணை தவறியோரின் பதிவு, வேண்டுமென்றே ஏமாற்றியோரின் பதிவிலிருந்து பிரித்துக் காட்டப்பட வேண்டும். கடனைத் தீர்த்தவரின் விண்ணப்பத்தை வங்கி மறுப்பதாயின், அதற்கான காரணத்தைத் தமிழில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கிளிநொச்சியிலுள்ள மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இத்தகைய முறைப்பாடுகளை நேரில் ஏற்று வழிகாட்ட வேண்டும்.

தனக்கு அவகாசம் கேட்டுப் பெற்றுக்கொண்ட அரசு, தன் குடிமகனுக்கு அதனை மறுப்பது அறமாகாது.