முள் சொல்வதும் தொட்டி சொல்வதும்



மும்பையிலும் சூரத்திலும் டில்லியிலும் பெங்களூரிலும் இந்தப் பத்திரிகையைக் கையில் எடுக்கிற குடும்பங்களில் கடற்கரை ஊர்களை விட்டு வந்தவையும் உண்டு. தூத்துக்குடியிலோ, குமரி மாவட்டத்துக் கரையிலோ, நாகப்பட்டினத்திலோ, அண்ணனோ மைத்துனரோ இன்னும் கடல்தொழில் செய்துகொண்டிருப்பார். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, "மீன்பாடு எப்படி? கடல் எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்கிறோம். இஞ்சின் வாங்கப் பணமும் அனுப்புகிறோம். ஆனால், "எத்தனை லிட்டர் டீசல் போட்டுக்கொண்டு போனீர்கள்? அத்தனை லிட்டர் இருக்கிறது என்று எதைக் கொண்டு அறிந்தீர்கள்?" என்று கேட்பவர் மிகச் சிலர். இந்தச் சிறிய கேள்வியில் ஓர் உயிர் அடங்கியிருக்கக்கூடும். ஆகையால் இம்மாதம் அதைக் குறித்தே எழுதுகிறேன்.

கரையில் எண்ணெய் தீர்ந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை போகலாம். கடலில் அது கூடாத காரியம். இஞ்சின் நின்றுபோன படகு அலைக்கு முகங்கொடுத்து நிற்கும் பலத்தை இழந்துவிடுகிறது. அது பக்கவாட்டில் திரும்பி, அலையைத் தன் விலாவில் வாங்குகிறது. காற்று பலத்திருக்கும் நாளில் ஒரு சிறிய படகு கவிழ்வதற்கு அது போதும். கவிழாவிட்டாலும் காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கமே போகும். 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பாக் நீரிணையில் வகுக்கப்பட்ட இலங்கை எல்லை, ராமேசுவரத்துப் படகுகளுக்கு வெகு தூரத்தில் இல்லை. கடலின்மேல் கோடு தெரிவதில்லை. தெரிந்தாலும் இஞ்சின் இல்லாத படகு அதைக் கடக்காமல் நிற்கவும் முடியாது.

இத்தனைக்கும், அந்தப் படகின் எரிபொருள் மானி சற்று முன்புதான், "இன்னும் கால் தொட்டி இருக்கிறது" என்று காட்டியிருக்கலாம்.

முள் எதை அளக்கிறது?

நாம் கேஜ் என்றும் மீட்டர் என்றும் சொல்லும் இந்தக் கருவியின் அமைப்பு மிக எளிமையானது. தொட்டிக்குள் ஒரு மிதவை. அதைத் தாங்கும் ஒரு கம்பிக் கை. எண்ணெய் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கை அசையும்போது மின்தடை மாறுகிறது. அதற்கேற்ப முள் நகருகிறது. இவ்வளவுதான்.

ஆகவே முள் அளப்பது மிதவை நிற்கும் உயரத்தை மட்டுமே. எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதை அது அறியாது. உயரத்தை லிட்டராக எண்ணிக்கொள்வது நாம் செய்கிற வேலை. தவறும் அங்கேதான் பிறக்கிறது.

பாதி என்பது பாதி அல்ல

படகின் அடிப்பகுதி கீழே போகப்போகக் குறுகும். அந்த இடத்துக்குப் பொருந்தும்படி செய்யப்படும் தொட்டிகள் சிலவும் அப்படியே கீழே ஒடுங்கி, மேலே விரிந்திருக்கும். அடியில் கூர்மையாக முடியும் முக்கோணத் தொட்டி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அது நிறைந்தால் 40 லிட்டர். மிதவை சரிபாதி உயரத்துக்கு இறங்கும்போது முள் பாதியைக் காட்டும். 20 லிட்டர் இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் இருப்பதோ 10 லிட்டர்தான். ஏனெனில் பாதி உயரத்தில் அகலமும் பாதியாகிவிடுகிறது. பாதியில் பாதி கால். முள் கால் பங்கைக் காட்டும்போது உள்ளே இருப்பது வெறும் இரண்டரை லிட்டர்!

இந்தப் படகோட்டி முதல் பாதியைச் செலவழிக்கும்போது, "இன்று எண்ணெய் நன்றாகத் தாங்குகிறது" என்று மகிழ்ந்திருப்பார். முதல் பாதியில் 30 லிட்டர் செலவானது அவருக்குத் தெரியாது. கருவி பழுதாகவும் இல்லை. சரியாக வேலை செய்யும் கருவியே ஒருவரை இப்படி நடுக்கடலில் நிறுத்திவிட முடியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எண்ணெயை உறிஞ்சும் குழாய், அடியிலுள்ள கசடு உள்ளே வராதபடி, தொட்டியின் தரையிலிருந்து சற்று உயரத்தில் முடியும். அதற்குக் கீழே நிற்கும் எண்ணெய் இருந்தும் இல்லாததே.

படகு சாயும்போது

தரையில் நிற்கும் தொட்டியில் எண்ணெய் சமமாக நிற்கும். ஓடுகிற படகிலோ, அணியம் என்று சொல்லப்படும் முன்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். எண்ணெய் பின்னே ஓடித் தேங்கும். மிதவை பின்பக்கம் இருந்தால் உள்ளதைவிட அதிகமாகவும், முன்பக்கம் இருந்தால் குறைவாகவும் காட்டும். வலையும் மீனும் ஒரு பக்கமாகக் குவிந்தாலும் இப்படியே. அலையில் படகு ஆடும்போது முள்ளும் ஊஞ்சலாடும். அவசரத்தில் பார்க்கிறவனுடைய கண், அந்த ஆட்டத்தில் தனக்குப் பிடித்த எண்ணையே தெரிந்தெடுத்துக்கொள்ளும்.

உப்பும் கம்பியும்

உப்புக் காற்று மின்கம்பிகளின் சத்துரு. இணைப்புகளில் பச்சை பூக்கும், மின்தடை கூடும். இதில் விசேஷமாய் அறிய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. சந்தையில் கிடைக்கும் கருவிகளில் இரண்டு வகை பரவலாக உள்ளன. அமெரிக்க வகையில், தொட்டி காலியானால் மின்தடை 240 ஓம். நிறைந்தால் சுமார் 33 ஓம். ஐரோப்பிய வகையில் காலிக்கு 10 ஓம். நிறைவுக்கு 180 ஓம். ஒன்று இறங்கும் கணக்கு; மற்றது ஏறும் கணக்கு.

ஒரு வகை மிதவையை மறு வகை மீட்டரோடு இணைத்துவிட்டால், காலித் தொட்டி நிறைந்ததாகக் காட்டும். பழைய சாமான்களை வாங்கிப் பொருத்தும் இடத்தில் இது நடக்கக்கூடியதே. சரியாக இணைத்திருந்தாலும், ஐரோப்பிய வகையில் துரு ஏறி மின்தடை கூடினால் முள் மேலே போகும். அமெரிக்க வகையிலோ, தொட்டியிலிருந்து வரும் கம்பியின் உறை தேய்ந்து அது எர்த்தில் பட்டுவிட்டால், முள் "நிறைவு" என்று காட்டி நின்றுவிடும். எந்தக் கருவி எந்தப் பக்கம் பொய் சொல்லும் என்பதைப் பொருத்தியவரிடம் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

தண்ணீரும் எண்ணெயாகத் தோன்றும்

பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் இரவுக் குளிரில் ஈரம் படியும். மூடி சரியில்லாவிட்டால் அலைநீரும் மழைநீரும் இறங்கும். டீசலையும் மண்ணெண்ணெயையும்விடத் தண்ணீர் கனமானது. ஆகவே அடியில் போய்த் தங்கும். மிதவைக்கு எண்ணெய் எது, தண்ணீர் எது என்கிற வேறுபாடு தெரியாது. அடியில் ஐந்து லிட்டர் தண்ணீர் நின்றால், ஐந்து லிட்டர் டீசல் இருப்பதாகவே முள் சாட்சி சொல்லும். இஞ்சினோ அந்தச் சாட்சியை ஏற்றுக்கொள்ளாது. கண்ணாடிக் கிண்ணமுள்ள வடிகட்டி ஒன்றைப் பொருத்தி, தினமும் அதைப் பார்த்துத் தண்ணீரை வடித்துவிடுவது இதற்கு எளிய பரிகாரம்.

கோலும் குறிப்பேடும்

அப்படியானால் வழி என்ன? நமது நாட்டுப்படகுகள் பலவற்றில் கேஜ் என்பதே கிடையாது. அவற்றில் போகிறவர்கள் ஒரு கோலை விட்டுப் பார்ப்பார்கள். அல்லது கேனைத் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கிப் பார்ப்பது ஊகம். கோலோ, முறையாகச் செய்யப்பட்டால், விலை உயர்ந்த மீட்டரையும் வெட்கப்படுத்தும்.

அதைச் செய்யும் விதம் இது. படகைக் கரையில் சமமாக நிறுத்தித் தொட்டியை முற்றிலும் காலி செய்யுங்கள். நம்பகமான அளவுப் பாத்திரத்தால் ஐந்து லிட்டர் ஊற்றி, கோலை நேராக அடிவரை விட்டு, நனைந்த இடத்தில் ஒரு வெட்டுக்குறி போடுங்கள். மறுபடியும் ஐந்து லிட்டர். மறுபடியும் ஒரு குறி. நிறையும்வரை இப்படிச் செய்தால், தொட்டி எந்த வடிவத்தில் இருந்தாலும் கோல் லிட்டரையே பேசும். குறிகளின் இடைவெளி ஒரே அளவாக இல்லாததைக் காணும்போது, முள் ஏன் ஏமாற்றியது என்பதும் விளங்கிவிடும். கோலைப் படகு சாயாமல் நிற்கும்போதே பார்க்க வேண்டும். இருட்டில் தொட்டிக்குள் பார்க்க ஒருவரும் தீக்குச்சி கிழிக்கலாகாது.

கோலோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். எத்தனை லிட்டர் ஊற்றினோம், எத்தனை மணி நேரம் இஞ்சின் ஓடியது என்று பத்து நாள் எழுதினால், மணிக்கு எவ்வளவு செலவாகிறது என்பது கைக்கு வந்துவிடும். டீசல் இஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய கால் லிட்டர் குடிக்கும் என்பது பொதுக் கணக்கு. பத்துக் குதிரைத்திறன் என்றால் மணிக்கு இரண்டரை லிட்டர். மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் இஞ்சின்கள் இதைவிட மிகவும் அதிகமாகக் குடிக்கும்.

எழுதும்போது லிட்டரிலேயே எழுதுங்கள். "இரண்டு கேன்" என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. எல்லாக் கேனும் ஒரே அளவானதல்ல. அளவின் பெயர் மாறினால் என்ன நேரிடும் என்பதற்கு உலகறிந்த ஒரு சம்பவம் உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்றில் எரிபொருள் மானிகள் வேலை செய்யவில்லை. அளவுகோலால் அளந்து கணக்கிட்டார்கள். ஆனால் கிலோகிராமில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டு எடையில் போட்டுவிட்டபடியால், தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் எழும்பியது. சுமார் 41,000 அடி உயரத்தில் இஞ்சின்கள் நின்றன. விமானி அதை மிதக்கவிட்டே கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். கற்றுத் தேர்ந்தவர்களுக்கே இப்படி நேர்ந்ததென்றால், விடியற்காலை இருட்டில் அவசரமாகப் புறப்படுகிறவருக்கு நேராதா? அவர்களுக்குக் கீழே ஓடுதளம் இருந்தது. நம்மவருக்குக் கீழே தண்ணீரே இருக்கிறது.

மூன்றில் ஒரு பங்கு

கடலோடிகள் பலர் கைக்கொள்ளும் ஒழுங்கு ஒன்று உண்டு. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கும் தொழில் செய்வதற்கும். ஒரு பங்கு திரும்புவதற்கு. ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. போன செலவே திரும்பும் செலவு என்று எண்ணக்கூடாது. திரும்பும்போது மீனும் நனைந்த வலையும் பாரமாகும். எதிர்க்காற்று கிளம்பியிருந்தால் நாலு மணி நேரப் பிரயாணம் ஆறு மணி நேரமாகும்.

அந்த மூன்றாம் பங்கைத் தொட்டியில் வைக்காமல், வேறொரு கேனில் ஊற்றி இறுக மூடிக் கட்டிவைப்பது மிகவும் நல்லது. அதை அளக்க முள்ளும் வேண்டாம், கோலும் வேண்டாம். மூடி திறக்கப்படாதவரை அதில் இருப்பது இருக்கிறது. தனியாக எண்ணெய் வைத்திருந்த ஐந்து புத்தியுள்ள கன்னிகைகளை அறிந்த நமக்கு இதை அதிகமாய் விளக்க வேண்டியதில்லை.

எனினும் ஊரிலிருப்பவர்களைக் குற்றப்படுத்தாதிருங்கள். குறைவாக எண்ணெய் எடுத்துப் போவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல. டீசல் விலை ஏறியிருக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தொழிலுக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு லிட்டரும் கடனே. தொடாமல் வைக்கும் பத்து லிட்டர் அவருக்கு முடங்கிய முதலாகத் தோன்றும். நாம் உதவக்கூடிய இடம் இதுவே. இஞ்சினுக்குப் பணம் அனுப்புகிறவர்கள், அந்த மூன்றாம் பங்குக் கேனையும் ஒருமுறை நிரப்பிக் கொடுங்கள். அவசரத்துக்குத் தொட்டாலொழிய அது செலவாகிற பணமல்ல.

விசுவாசமும் அளவுகோலும்

"ஜெபித்துவிட்டுத்தானே போகிறோம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நல்லது, ஜெபியுங்கள். ஆனால் கோலை விட்டுப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. தொட்டியைப் பாராமல் புறப்படுவதை விசுவாசம் என்று அழைப்பது, சோம்பலுக்குப் பரிசுத்தமான பெயர் இடுவதாகும். கரையில் கண்ணீரோடு காத்திருக்கும் மனைவியின் ஜெபத்துக்கு, கடலுக்குப் போகிற புருஷனுடைய ஜாக்கிரதையும் துணைநிற்க வேண்டும்.

எல்லா ஜாக்கிரதைக்கும் மிஞ்சி இஞ்சின் நின்றுவிட்டால், முதலாவது அணியத்திலிருந்து நங்கூரம் போட வேண்டும். ஆழம் மிகுந்த இடமானால், வலையையோ பாரமான வாளியையோ கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து விட்டால், படகு ஓரளவு அலைக்கு முகங்கொடுத்து நிற்கும். படகை விட்டு ஒருவரும் நீந்திப் போகலாகாது. இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு உதவி எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் காவல் எண் 1093. இவ்விரண்டும் வீட்டுச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கட்டும். எந்தத் திசையில் போனார், எப்போது திரும்ப வேண்டியவர், எத்தனை லிட்டரோடு போனார் என்கிற மூன்றையும் வீட்டார் அறிந்திருந்தால், தேடுகிறவர்கள் எங்கே தேடுவது என்று கணிக்க முடியும்.

அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, உங்கள் அண்ணனிடம் மறவாமல் கேளுங்கள்: "அண்ணே, கோலில் குறி வெட்டியாயிற்றா? தனிக் கேன் படகில் இருக்கிறதா?" அவர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கேட்டுக்கொண்டே இருங்கள்.