மூணு சத்துக் கணக்கும் நம்ம சோத்துத் தட்டும்

இயற்கை அங்காடி நடத்துகிறவர்களையும், ஞாயிற்றுச் சந்தைக்கு மூட்டை கட்டிப் போகிற உழவர்களையும் கேட்டுப் பாருங்கள். வாங்க வருகிறவர்களின் கேள்வி மாறிவிட்டது. முன்பு "மருந்து அடிக்காததுதானே?" என்று கேட்டார்கள். இப்போது, அதிலும் ஜிம்முக்குப் போகிற இளவட்டங்கள், "அண்ணா, இதுல நூறு கிராமுக்குப் புரதம் எவ்வளவு? கார்ப் எவ்வளவு?" என்கிறார்கள். கையில் செல்போன், அதில் ஒரு செயலி. நாம் சொல்கிற எண்ணை அதில் தட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு நம்மாட்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். "நம்ம தாத்தா பாட்டியெல்லாம் கணக்குப் பார்த்தா சாப்பிட்டாங்க?" என்று சிரித்து அனுப்புவது ஒன்று. "இந்த அரிசியைச் சாப்பிடுங்க, எடை தானா குறையும்" என்று அடித்துவிடுவது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை என்பதுதான் என் கருத்து.

முதலில் அந்த முறை என்னவென்று பார்த்துவிடுவோம். 'ப்ளெக்சிபிள் டயட்' என்கிறார்கள். உடற்கட்டுப் போட்டிக்குத் தயாராகிறவர்களிடமிருந்து பரவியது. இதைத் தின்னாதே, அதைத் தொடாதே என்ற தடை எதுவும் அதில் கிடையாது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் நாளைக்கு இத்தனை கிராம் என்று வகுத்துக்கொண்டு, அதற்குள் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9. ஒருவர் நாளைக்கு 1,800 கலோரி என்று முடிவு செய்கிறார் என்று வையுங்கள். புரதம் 105 கிராம் என்றால் 420 கலோரி. கொழுப்பு 50 கிராம் என்றால் 450. மீதி 930 கலோரிக்கு மாவுச்சத்து சுமார் 232 கிராம். இதில் அடங்கினால் பிரியாணியும் சரி, ஜிலேபியும் சரி. அவ்வளவுதான் சங்கதி.

இதில் நாம் ஒத்துக்கொள்ள வேண்டிய உண்மைகள் மூன்று இருக்கின்றன.

ஒன்று, சோறு எதிரி இல்லை. அமெரிக்காவில் 811 பேரை வைத்து இரண்டு வருடம் நடத்திய ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. மாவுச்சத்து 35 சதவீதத்திலிருந்து 65 சதவீதம் வரை நான்கு விதமான உணவுமுறை. கடைசியில் நான்கிலும் எடை குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். மொத்தத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது. 'அரிசியை நிறுத்து' என்று ஊரெல்லாம் பேசுகிற காலத்தில், நெல் விளைவிக்கிற நமக்கு இது நல்ல சேதி.

இரண்டாவது கொஞ்சம் கசக்கும். நம் சரக்குக்கும் அதே கணக்குதான். நூறு கிராம் தீட்டிய வெள்ளை அரிசியில் சுமார் 355 கலோரி. கம்பிலும் சாமையிலும் 350க்குப் பக்கம். கேழ்வரகில் 320. பெரிய வித்தியாசம் இல்லீங்க. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் நல்லெண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். நாட்டுச்சர்க்கரையும் சீனியும் இந்தக் கணக்கில் அண்ணன் தம்பி. கேழ்வரகில் நார்ச்சத்து அரிசியைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. சுண்ணாம்புச்சத்து நூறு கிராமில் 360 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் பத்துகூட இல்லை. இதைச் சொல்லி விற்போம், தப்பில்லை. ஆனால் 'சிறுதானியம் என்றால் எவ்வளவு தின்றாலும் உடம்பு இளைக்கும்' என்று சொல்வது பொய்.

மூன்றாவது, நம் வீட்டுத் தட்டைப் பற்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023இல் சொன்னது. அது பட்டணத்து நோயாக மட்டும் இல்லை. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம், வயலுக்குப் போக வண்டி என்று ஆகிவிட்டது. வேலை குறைந்ததே தவிர சோத்தின் அளவு குறையவில்லை. ஒருவர் நாளைக்கு 400 கிராம் அரிசி பொங்கிச் சாப்பிட்டால் அதிலேயே 1,400 கலோரிக்கு மேல் போய்விடுகிறது. புரதம் 32 கிராம்தான் கிடைக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு 50 கிராமாவது வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மீதி எங்கிருந்து வரும்? தண்ணிச் சாம்பாரும் ரசமும் அதைத் தராது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற பெண்களைப் பாருங்கள். சட்டியில் பருப்பும் காயும் முதல் பந்தியிலேயே தீர்ந்திருக்கும். அவர்கள் தட்டில் சோறும் குழம்புத் தண்ணியும்தான். இந்த அநியாயத்தை நாலு நாள் எழுதிக் கணக்குப் போட்டாலே கண்ணில் தெரியும்.

அப்படியென்றால் இந்த முறையை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? அங்கேதான் உழவனுக்கு ஒரு நெருடல் வர வேண்டும். மூன்று எண்களில் ஒரு உயிரை அடக்குகிற வித்தையை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். தழை, மணி, சாம்பல். உரமூட்டையின் மேல் அச்சடித்த அந்த மூன்று எண்கள். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், பயிருக்கு என்ன சத்து வேண்டும் என்று 1840இல் புத்தகம் எழுதினார். இரண்டே வருடத்தில் உடம்புக்கும் உணவுக்கும் அதே வேதியியலைப் பேசி இன்னொன்று எழுதினார். மண்ணையும் மனித வயிற்றையும் ஒரே தராசில் நிறுத்த காலம் அது. அந்தக் கணக்கு பொய் இல்லை. தழைச்சத்து இல்லாமல் பயிர் வளராது. ஆனால் மூன்றை மட்டும் எண்ணியதில் மண்புழுவும் மட்கும் நுண்ணுயிரும் கணக்கில் வராமலே போய்விட்டன.

உணவிலும் அதே கதைதான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரைத் தங்கவைத்து ஒரு சோதனை செய்தது, 2019இல் வெளியானது. இரண்டு வாரம் ஆலையில் பக்குவம் செய்து பொட்டலமாக வருகிற உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல்போல முழுப்பொருள் உணவு. முன்னால் வைத்ததில் கலோரியும் மூன்று சத்துகளும், சர்க்கரை, உப்பு, நார்ச்சத்துகூட, ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றார்கள். பொட்டல உணவு வைத்தபோது நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், ஒரு கிலோவுக்குப் பக்கம் எடை ஏறியது. முழுப்பொருள் உணவில் அதே அளவு இறங்கியது. தட்டில் இருந்த எண்கள் ஒன்றேதான், வயிறு போதும் என்று சொன்ன இடம்தான் வேறு.

இன்னொன்று. எண் மட்டுமே முக்கியம் என்றால், புரதத்துக்குப் பயறு எதற்கு, டப்பாவில் வரும் மாவு போதுமே என்று ஆகிவிடும். அதைத்தான் இன்று நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். ஒவ்வொரு கவளத்தையும் எடைபோட்டுச் சோத்தைக் கண்டாலே பயப்படுகிற நிலைக்குப் போகிறவர்களும் உண்டு. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

என் நிலைப்பாடு இதுதான். சத்துக் கணக்கு என்பது மண் பரிசோதனை மாதிரி. பரிசோதனை வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. எடுத்துப் பார்க்கிறோம், எது குறை என்று தெரிந்துகொள்கிறோம், பிறகு மண்ணைப் பார்த்து விவசாயம் பண்ணுகிறோம். தினமும் மண்ணை அள்ளிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவதில்லை. உணவிலும் ஒரு பத்து நாள் அளந்து எழுதுங்கள். அரிசியை வேகவைக்கும் முன்பே நிறுங்கள். வெந்த சோத்தை அரிசிக் கணக்கில் எழுதினால் இரண்டரை மடங்கு தப்பு வரும். தாளிக்கிற எண்ணெயை மறக்காதீர்கள். பத்து நாளில் குறை தெரிந்துவிடும். பிறகு தராசை எடுத்து வைத்துவிட்டுத் தட்டை மாற்றுங்கள்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 'எடை குறைக்கும் அரிசி', 'சர்க்கரையை விரட்டும் அரிசி' என்று பையில் அச்சடிப்பதை நிறுத்துவோம். நீரிழிவையும் உடல் பருமனையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம்மை நம்பி இரண்டு மடங்கு விலை கொடுப்பவரிடம் பொய் சொல்லக்கூடாது. அவர் மூன்று மாதம் சாப்பிட்டு எடை குறையவில்லை என்றால், மருந்தடிக்காத நெல் என்று நாம் சொல்கிற உண்மையையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்.

அடுத்து, பயறு போடுவோம். உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு, துவரை எதிலும் நூறு கிராமுக்குச் சுமார் 20 முதல் 24 கிராம் புரதம். நெல் தரிசில் உளுந்து, கடலைக்குள் துவரை, வரப்பில் தட்டைப்பயறு. வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுக்கும், காய் வீட்டுக்குப் புரதம் கொடுக்கும். விளைந்ததை மூட்டையோடு வியாபாரிக்கு ஏற்றிவிடாமல், வீட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் எடுத்து வையுங்கள். ஆளுக்கு நாளைக்கு 85 கிராம் பருப்பு, பயறு என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. நாலு பேர் வீட்டுக்கு வருடத்துக்கு 124 கிலோ. இந்தப் பட்டத்தில் அதற்கு எத்தனை சென்ட் ஒதுக்குவது என்று வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எடுத்து வைத்தது அவர்கள் தட்டுக்கும் போகிறதா என்று சமையற்கட்டிலும் ஒரு கண் வையுங்கள்.