அரிசி சிப்பத்தில் இருக்கும் பெயர் இன்னும் உங்களுடையதுதானா? டிரேட்மார்க் புதுப்பிப்பில் பலர் கோட்டைவிடும் தேதி!

மண்ணச்சநல்லூர், அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து துறையூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் திருவெள்ளறை. இந்த வட்டாரத்தில் பொன்னி அரிசியை விற்றுக் கொடுப்பதே சிப்பத்தின் மேல் அச்சடித்த படமும் பெயரும்தான். கடைக்காரரிடம் ரகத்தைச் சொல்லிக் கேட்பவர்களை விட, "அந்தப் படம் போட்ட அரிசி கொடுங்க" என்பவர்களே அதிகம். அந்தப் பெயருக்கான டிரேட்மார்க் பதிவு காலாவதியானால் என்ன ஆகும்?

அரிசி வியாபாரத்தில் இதற்கு ஒரு தனிக்கதை உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவு செய்த பிராண்டில் பேக் செய்து விற்ற அரிசிக்கு 5% வரி. பிராண்ட் இல்லாததற்கு வரி இல்லை. பிராண்டே பாரமாகிப் போனதால், பதிவை ரத்து செய்யப் பலர் கிளம்பினார்கள். அரசு விடவில்லை. 2017 மே 15-ல் பதிவில் இருந்த பிராண்ட், பின்னர் ரத்தானாலும் பதிவு பெற்றதாகவே கருதப்படும் என்று அந்த செப்டம்பரில் அறிவித்தது.

2022 ஜூலை 18 முதல் அந்தக் கணக்கே மாறிவிட்டது. பிராண்ட் பதிவு பெற்றதா என்பது கேள்வியே இல்லை. 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டினாலே வரி. (26 கிலோ சிப்பம் கடைகளுக்கு வந்த ரகசியமும் இதுதான்!) ஆக, "பதிவு இருந்தால் வரி வரும்" என்று பயந்து புதுப்பிக்காமல் விட இப்போது காரணமே இல்லை.

10 வருஷம்... எந்த நாளிலிருந்து?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டிரேட்மார்க் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அது சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்து. உதாரணமாக, 2016 ஜூனில் விண்ணப்பித்து 2018-ல் சான்றிதழ் வாங்கியவர், 2028 வரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் 2026 ஜூனிலேயே முடிந்துவிடும்.

காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே டிஎம்-ஆர் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு ரூ.9,000. அரிசி 30-வது வகுப்பில் வரும். தேதி தாண்டிவிட்டால் அடுத்த 6 மாதத்துக்குள் கூடுதலாக ரூ.4,500 கட்டிப் புதுப்பிக்கலாம். அதுவும் போனால், காலாவதியான நாளிலிருந்து ஓராண்டு முடிவதற்குள் மீட்க வேண்டும், மொத்தம் ரூ.18,000. ஏஜென்ட் கட்டணம் தனி.

அதற்கும் பிறகு? பதிவிலிருந்து பெயர் நீக்கப்பட்டாலும், பொதுவாக ஓராண்டுக்கு அது பதிவில் இருப்பது போலவே கருதி மற்றவர்களின் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படும். அந்தக் கவசமும் போனபின் வேறொருவர் அதே பெயரைக் கேட்கலாம். பழைய உரிமையாளர் எதிர்க்க முடியும், வழக்கும் போடலாம். ஆனால் பதிவு இருந்தால் சான்றிதழைக் காட்டினாலே போதும் என்ற இடத்தில், பழைய பில், விளம்பரம், விற்பனைக் கணக்கு என்று எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, பெயருக்கு மார்க்கெட்டில் இருந்த மதிப்பை நிரூபிக்க வேண்டிவரும். பதிவு போனபின் வட்டத்துக்குள் 'ஆர்' குறியைச் சிப்பத்தில் தொடர்ந்து அச்சடிப்பது தனிச் சட்டச் சிக்கல்.

நோட்டீஸ் வரவில்லையே?

காலாவதி பற்றி பதிவாளர் முன்கூட்டியே நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். அனுப்பாமல் பெயரை நீக்கியது செல்லாது என 2013-ல் மல்ஹோத்ரா புக் டிப்போ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும், சிப்லா வழக்கில் மும்பை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. ஆறுதல்தான். ஆனால் அந்த ஆறுதலை வாங்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். ஏஜென்ட் மூலம் பதிந்திருந்தால் நோட்டீஸ் அவர் முகவரிக்குத்தான் போகும். அவர் தொழிலை விட்டே போயிருக்கலாம். பதிவகத்தின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையை நாமே பார்த்துக்கொள்வது மேல். காசு கிடையாது.

அப்படிப் பார்க்கும்போது உரிமையாளர் பெயரையும் கவனிக்கணும். அப்பா பெயரில் பதிந்து, அவர் காலமானபின் மகனோ மகளோ ஆலையை நடத்துவது இங்கே சகஜம். பதிவேட்டில் இன்னும் அப்பா பெயரே இருந்தால், வாரிசு ஆவணங்களோடு டிஎம்-பி படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு விண்ணப்பங்களையும் ஆன்லைனிலேயே போடலாம்.