ஒரே ஒருவர் ஊர்வலம்!

போர் கூடாதென்று தாளில் எழுதுவது எளிது. தெருவிலே இறங்கி, காவலர் முன்னிலையில் அதையே முழங்குவது எளிதா?

1940 அக்டோபர் 17ஆம் நாள் வினோபா பாவே தொடங்கிவைத்த தனிநபர் சத்தியாக்கிரகம், விந்தையானதோர் ஊர்வலம்! கூட்டமில்லை, கொட்டு முழக்கமில்லை. அதிகாரிக்கு முன்னரே அறிவித்துவிட்டு ஒருவர் மட்டும் வெளியே வருவார். பிரிட்டனின் போருக்கு ஆளோ பொருளோ தருவது தவறென்பார். கைது செய்தால் சிறை. செய்யாவிடில் டில்லி நோக்கி நடை! 1941 மே மாதத்திற்குள் தண்டனை பெற்றோர் 25,000க்கு மேல்.

அவர்களுள் ஒருவர் எழுத்தாளர் கல்கி. ஆனந்த விகடன் தந்த புகழ் இருந்தது, வாசகர் பட்டாளம் இருந்தது. எனினும் 3 மாதச் சிறையை ஏற்றார். விகடனிலிருந்து விலகியவர், 1941இல் ‘கல்கி’ ஏட்டைத் தொடங்கினார்.

அவர் காங்கிரசுக்காரர். நம் இயக்க முன்னோடிகளோ அன்று, இட்லரை வீழ்த்தும் போருக்கு ஆதரவு தந்தவர்கள். ஆயினும், அண்ணாவின் ‘ஓர் இரவு’ நாடகத்தைக் கண்டு, கட்சி கடந்து பாராட்டியவர் கல்கி. மாற்றாரிடத்தும் மாண்பு காணும் பண்பு நமக்கு மட்டும் இல்லாது போகுமா?

தோழர்களே! உக்ரைனிலும் காசாவிலும் குழந்தைகள் மாண்டதைக் கண்டோம். கைப்பேசியில் இரங்கல் எழுதிவிட்டு உறங்கினால் போதுமா? வ. புதுப்பட்டித் தெருவில் பத்துப்பேர் நடந்தால் பீரங்கி ஓயுமா என்று கேலி பேசுவோர் உண்டு. கல்கி சிறை புகுந்ததாலும் போர் ஓய்ந்துவிடவில்லை. 1945 வரை நீண்டது. ஆனால், எழுதியவனின் சொல்லுக்கு அவனே பிணை நின்றான். அந்தப் பிணையில்லாத எழுத்து வெறும் மை!

நடப்போம், பத்துப்பேராயினும்!