படம் சரி தம்பி, பாக்கப் போறது யாரு?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா அருப்புக்கோட்டை. பை கூட இறக்கி வைக்கல, சித்தி மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். இன்ஜினியரிங் கடைசி வருசம் படிக்கிறான்.

"அண்ணே, படம் முடிஞ்சிருச்சு. ஒன்னே முக்கா மணி நேரம். த்ரில்லர். யார்ட்டண்ணே விக்கிறது?"

மொத்தச் செலவு ஆறு லட்சம். அதுல மூணு லட்சம் சித்தியோட நகை, அடகுல இருக்கு. ரெண்டரை லட்சம் கூடப் படிக்கிற பயலுக ஆறு பேரு சேர்ந்து போட்டது. மிச்சம் ஐம்பதாயிரம் அடியேன் சம்பளத்துல இருந்து போனது. அதனால இந்த விஷயத்துல நான் நடுநிலையாளன் எல்லாம் கிடையாது, முதலீட்டாளன் :-)

படம் பார்த்தேன். திருச்சுழி பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி கரிமூட்டம் போடுறாங்க. மூட்டத்தைப் பிரிக்கும்போது கரியோட கரியா ஒரு மனுச எலும்பு கிடைக்குது. யாரோடது, யாரு போட்டதுன்னு கதை போகுது. சும்மா சொல்லக்கூடாது, முதல் அரை மணி நேரம் நகத்தைக் கடிச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன். நடுவுல கொஞ்சம் இழுவை. முடிவு நல்லா இருந்துச்சு.

முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இதை யாருடா பாப்பாங்க?"

"எல்லாரும் பாப்பாங்கண்ணே!"

இந்தப் பதிவு அந்த 'எல்லாரும்'ங்கிற வார்த்தைக்கு எதிராத்தான்.

நான் பொட்டி தட்டுற ஆளு. எங்க பொழப்புலயும் இதே கூத்து உண்டு. ஆறு மாசம் ராத்திரி பகலா கோடு அடிப்போம். ரிலீஸ் தேதி வச்சாச்சு, கேக் கூட ஆர்டர் பண்ணியாச்சு. அப்ப யாராவது ஒருத்தர் "இதை யாரு யூஸ் பண்ணப் போறா?"ன்னு கேட்டா மொத்தக் கூட்டமும் மேனேஜரைப் பார்க்கும், மேனேஜர் சீலிங்கைப் பார்ப்பாரு. 'எல்லாரும்'னு யாராவது பதில் சொன்னா, யாரும் இல்லைன்னுதான் அர்த்தம்.

சரி, விநியோகஸ்தர் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாப் பிரிச்சு விக்கிறதுதான் இங்க காலங்காலமா இருக்கிற வழக்கம். நாம இருக்கிறது மதுரை - ராமநாதபுரம் ஏரியா, சுருக்கமா 'எம்.ஆர்.' விருதுநகர் தனி மாவட்டமாகி (1985) எத்தனையோ வருசம் ஆச்சு, சினிமாக்காரங்க கணக்குல நாம இன்னும் ராம்நாடுதான். வாங்குறதுலயும் வகை உண்டு. மொத்தமா விலை பேசுறது ஒன்னு. இவ்வளவு கேரண்டின்னு கொடுத்து எடுக்கிற எம்.ஜி. ஒன்னு. அட்வான்ஸ் மட்டும் கொடுத்துட்டு, படம் ஓடலைன்னா திருப்பிக் கேக்கிறது ஒன்னு. கடைசியா கமிஷன் முறை, அதுல அவரு ரிலீஸ் மட்டும் பண்ணித் தருவாரு, நஷ்டம் முழுக்க உங்க தலையில. புதுப் பயலுகளுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். அதுலயும் விளம்பரக் காசையும், தியேட்டருக்கு டிஜிட்டல்ல படத்தை அனுப்புற கட்டணத்தையும் நீங்களே கட்டணும். அந்தக் கட்டணம் சாதாரண விஷயம் இல்லீங்க. 2018 மார்ச்ல தயாரிப்பாளர் சங்கமே அதை எதிர்த்து ஒன்றரை மாசத்துக்கு மேல புதுப்படம் விடாம உட்கார்ந்திருந்தாங்க. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே வலிச்சிருக்கு, அடகுல நகை வச்சவனுக்கு எப்படி இருக்கும்?

தம்பியைக் கூட்டிக்கிட்டு மதுரையில ஒருத்தரைப் போய்ப் பார்த்தேன். பேரு வேண்டாம். ட்ரெய்லரைப் போட்டோம், ரெண்டு நிமிச ட்ரெய்லர்ல முப்பது செகண்ட் பார்த்திருப்பாரு.

"படத்துல யாரு தம்பி?"

"எல்லாம் புதுமுகம் சார்."

"த்ரில்லர் ஏ சென்டர் சரக்கு தம்பி. அருப்புக்கோட்டை, சாத்தூர்லல்லாம் எவன் பாப்பான்? ஓடிடில கேட்டுப் பாருங்க."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டாரு. மரியாதையான மனுசன்தான். ஆனா அவரு சொன்ன ரெண்டுமே தப்பு.

முதல் தப்பு: சின்ன ஊர்க்காரனுக்கு த்ரில்லர் பிடிக்காதுங்கிறது. ஒரு காலத்துல பஸ் ஸ்டாண்டு பொட்டிக்கடையில கிளிப் மாட்டித் தொங்குனது என்ன? ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்கள். ராஜேஷ்குமார் எழுதுனது மட்டும் ஆயிரத்து ஐநூறு நாவலைத் தாண்டும். அதை எல்லாம் மெட்ராஸ் மல்டிபிளெக்ஸ்காரன் மட்டுமா வாங்கிப் படிச்சான்? எங்க பெரியப்பா நூற்பாலையில நைட் ஷிப்டுக்குப் போகும்போது டிபன் பாக்ஸோட ஒரு நாவலும் போகும். கொலையாளி யாருன்னு இருபதாம் பக்கத்துலயே சொல்லிருவாரு, பெரும்பாலும் சரியாவே இருக்கும். அவருக்கா த்ரில்லர் புரியாது?

அதை விட நேரடி சாட்சி வேணும்னா 'ஊமை விழிகள்'. 1986 ஆகஸ்ட் 15ல வந்துச்சு. கதை, தயாரிப்பு ஆபாவாணன், இயக்கம் அரவிந்தராஜ். திரைப்படக் கல்லூரியில படிச்ச பசங்க கூட்டா சேர்ந்து செஞ்ச த்ரில்லர். அதுல டி.எஸ்.பி. தீனதயாளனா வந்தது யாரு? குடும்ப வேரை நம்ம அருப்புக்கோட்டைப் பக்கத்து ராமானுஜபுரத்துல வச்சிருந்த விஜயகாந்த். 2023 டிசம்பர் 28ல அவரு செத்தப்ப ஊரே சோறு தண்ணியில்லாம கிடந்துச்சு. அவரைப் பத்திப் பேசும்போது ஆளாளுக்கு சாப்பாடு போட்டதைச் சொல்றாய்ங்க. சரிதான், ஆனா திரைப்படக் கல்லூரி பசங்களை நம்பி நடிச்சதும் அதுக்கு ஈடான புண்ணியம்னு நான் சொல்வேன்.

"அதான் கேப்டன் இருந்தாருல்ல, ஓடாம என்ன?"ன்னு கேப்பீங்க. அந்த வருசங்கள்ல அவரு நடிச்ச படங்கள் ஏகப்பட்டது, எல்லாமா ஓடுச்சு? அந்தப் பசங்க செஞ்ச வேலையைக் கவனிங்க. அறுபதுகள்ல 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்'னு பேரெடுத்த ஜெய்சங்கரை பத்திரிகை ஆசிரியரா போட்டாங்க. காதல் நாயகனா இருந்த ரவிச்சந்திரனை வில்லனாக்குனாங்க. அப்பா அம்மா தலைமுறைக்கு அது ஒரு காரணம். இளவட்டத்துக்கு விஜயகாந்த். பெரிய திரையில பார்த்தாத்தான் ஆச்சுன்னு சொல்ல சினிமாஸ்கோப். யாரு எதுக்காக உள்ள வருவான்னு அந்தப் படத்துலயே பதில் இருக்கு. 'எல்லாரும்'னு விட்டுறல.

முப்பது வருசம் கழிச்சு இன்னொரு உதாரணம், 'துருவங்கள் பதினாறு'. இன்ஜினியரிங்கைப் பாதியில விட்டுட்டு வந்த கார்த்திக் நரேனுக்கு அப்ப இருபத்திரண்டு வயசு இருக்கும். காசு போட்டது அவங்க அப்பா. இந்தப் பையனும் அதையேதான் பண்ணுனாரு. எண்பதுகள்ல ஜனங்களுக்குப் பழக்கமான ரகுமானைக் கூட்டிட்டு வந்து நடுவுல நிக்க வச்சாரு. வெளியான நாள் 2016 டிசம்பர் 29. ஜனவரி 12ல விஜய்யோட 'பைரவா' வந்துச்சு. நடுவுல ரெண்டு வாரம் இடைவெளி, அதுக்குள்ள வாய்வழியாப் பேச்சு பரவி காட்சிகள் கூடுச்சு. பணமதிப்பிழப்பு நடந்து ரெண்டு மாசம் கூட ஆகாத நேரம் அது, ஞாபகம் இருக்கட்டும்.

ஆனா இதே இயக்குநரோட அடுத்த படம் 'நரகாசூரன்' என்ன ஆச்சு? அரவிந்த்சாமி மாதிரி பெரிய ஆளுங்க நடிச்சும் காசுத் தகராறுல சிக்கி வருசக்கணக்கா பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு. முதல் படம் ஹிட்டு, பேரு இருக்கு, எல்லாம் இருந்தும் இப்படி. 'நல்லா எடுத்தா தானா வெளிய வரும்'னு எவனாவது வேதாந்தம் பேசுனா இதைச் சொல்லுங்க.

ரெண்டாவது தப்பு: "ஓடிடில கேட்டுப் பாருங்க." 2020, 21ல தியேட்டர் மூடிக் கிடந்தப்ப அந்தப் பேச்சுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. இப்ப அவங்களும் "படத்துல யாரு?"ன்னுதான் முதல்ல கேக்குறாங்க. மதுரை ஆபீஸ்ல கேட்ட அதே கேள்வி, இமெயில்ல வருது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப தம்பி பக்கம் திரும்புறேன். விநியோகஸ்தரை மட்டும் திட்டிட்டுப் போறது சுலபம். பயலுக பண்ணுன தப்புகளையும் சொல்லணும்ல?

படத்துல பின்னணி இசை பாதி இங்கிலீஷ் படத்துல இருந்து சுட்டது. உரிமை இல்லாத இசையோட எந்த விநியோகஸ்தரும் படத்தைத் தொட மாட்டாரு. நடிச்சவங்க யார்கிட்டயும் ஒரு தாள்ல கூட கையெழுத்து வாங்கல. கிளைமாக்ஸ்ல நாலு நிமிசத்துக்கு ரத்தக் களரி, கூடவே கெட்ட வார்த்தை. கேட்டா 'ரா'வா இருக்கணுமாம். அப்படியே போனா சென்சார்ல 'ஏ' வரும். 'ஏ' படத்தை டிவியில போட முடியாது. நாலு நிமிச ரத்தத்துக்காக டிவி உரிமைங்கிற ஒரு வாசலையே அடைச்சுக்கிறான். த்ரில்லர்ல பயம் எங்க இருக்கு? கரிமூட்டத்துல இருந்து புகை வர்ற அந்த ஷாட்ல இருக்கு. ரத்தத்துல இல்ல.

வெளிநாட்டுக் கதையும் இவனுகளுக்கு அரைகுறையாத்தான் தெரியுது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' பதினஞ்சாயிரம் டாலர்ல எடுத்து கோடி கோடியா அள்ளுச்சுன்னு மூச்சுக்கு முன்னூறு தடவை சொல்றான். எப்படி அள்ளுச்சு? 2007லயே தயாரான படம் ரெண்டு வருசம் சும்மா கிடந்துச்சு. 2009ல பாரமவுண்ட் அதை முதல்ல கல்லூரி இருக்கிற ஊர்களா பார்த்து நடு ராத்திரிக் காட்சி போட்டாங்க. எங்க ஊர்லயும் போடுன்னு ஜனங்களை விட்டே இணையத்துல ஓட்டுப் போட்டுக் கேக்க வச்சாங்க. அதுக்கப்புறம்தான் நாடு முழுக்க. செலவு பதினஞ்சாயிரம்ங்கிறது மட்டும் இவனுக்கு ஞாபகம் இருக்கு, கல்லூரி ஊர் மறந்து போச்சு.

அவ்வளவு தூரம் எதுக்கு, பக்கத்துல கேரளா இருக்கு. 'ஊமை விழிகள்' வந்த அதே 1986ல ஜான் ஆப்ரகாம் 'அம்ம அறியான்' எடுத்தாரு. ஒடேசாங்கிற கூட்டத்தைச் சேர்த்துக்கிட்டு ஊர் ஊராப் போய் ஜனங்ககிட்ட காசு வசூல் பண்ணி எடுத்த படம். அது த்ரில்லர் இல்ல, வேற மாதிரிப் படம். ஆனா காசு கொடுத்தவனே பார்வையாளன். படம் எடுக்கும் முன்னாடியே பார்வையாளன் ரெடி.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அம்பது தியேட்டர், தினம் நாலு காட்சி, ஏழு நாள். மொத்தம் 1400 காட்சி. புதுமுகப் படத்துக்கு காட்சிக்கு அஞ்சு பேரு வந்தா 7000 டிக்கெட்டு. நடைமுறையில அஞ்சு பேருக்கு படம் ஓட்ட மாட்டாங்க, சனிக்கிழமையே தூக்கிருவாங்க. அம்பது தியேட்டருக்கான செலவு மட்டும் உங்க பேர்ல நிக்கும். அதுக்குப் பதிலா பத்தே காட்சி, ஒவ்வொன்னும் 300 பேரு. 3000 டிக்கெட்டு. நூறு ரூபான்னா மூணு லட்சம். வரி, தியேட்டர் பங்கு போக ஒன்னே கால் லட்சம் மிஞ்சுனா பெரிசு. நகை திரும்பாது, நான் பொய் சொல்லல. ஆனா 'பத்து காட்சி ஹவுஸ்ஃபுல்'ங்கிறதோட அந்த மதுரைக்காரர் முன்னாடி திரும்பப் போய் உட்கார்ந்தா, "படத்துல யாரு?"ன்னு கேக்க மாட்டாரு. "எந்த ஊர்ல?"ன்னு கேப்பாரு. பேச்சே மாறிரும்.

அந்த மூவாயிரம் பேரு யாரு? பேர் சொல்லியே எழுதலாம். மதுரையில இருந்து கோவில்பட்டி வரைக்கும் இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் பயலுக. தறி, மில்லு ஷிப்டு முடிஞ்சு செகண்ட் ஷோ பார்க்கிற ஆளுங்க. கரிமூட்டம் போட்டுப் பொழைக்கிற திருச்சுழி, நரிக்குடி பக்கத்து ஜனங்க. தங்க பொழப்பு திரையில வர்றதை அவங்க இதுவரைக்கும் எத்தனை தடவை பார்த்திருப்பாங்க? அப்புறம் திருப்பூர், சென்னைன்னு பொழைக்கப் போன நம்ம ஊர்க்காரங்க. தமுஎகச மாதிரி அமைப்புகள் ஊர்கள்ல படம் போட்டுக் காட்டிப் பேசுற வழக்கம் வச்சிருக்காங்க, அங்கயும் போய்க் கேக்கலாம். ஆனா எதுக்கும் முன்னாடி சென்சார் சான்றிதழ். அது இல்லாம டிக்கெட்டு போட்டா 1952 சட்டப்படி தப்பு.

இதெல்லாம் தம்பிகிட்ட சொன்னேன். மூஞ்சி சுண்டிப் போச்சு. "அப்ப நான் எடுத்தது படம் இல்லையாண்ணே, பிசினஸா?"ன்னு கேட்டான். நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி அடுப்படியில இருந்து சித்தி சொன்னாங்க: "வட்டி ஓடிக்கிட்டு இருக்குல்ல, அப்பவே அது பிசினஸுதான்டா."

இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

கலைக்கு எதிரா நான் பேசல மக்களே. 'நான் எடுத்துட்டேன், நீ வந்து பாரு'ங்கிறது கலை இல்ல, திமிரு. 1977ல எம்.ஜி.ஆரே நம்ம அருப்புக்கோட்டையில நின்னு ஜெயிச்சுதான் முதலமைச்சரானாரு. ஊரே தெரிஞ்ச மூஞ்சி, அவரே தெருத் தெருவா ஓட்டுக் கேட்டுத்தான் வந்தாரு. புதுமுகம் நீ கேக்க வேணாமா?

கடைசித் தகவல்: சுட்ட இசையை எல்லாம் தூக்கியாச்சு. நாயனம் வாசிக்கிற ஒரு தாத்தாவை வச்சுப் புதுசா பண்ணுறான். ரத்தம் நாலு நிமிசத்துல இருந்து இருபது செகண்டுக்கு வந்திருக்கு. போன வாரம் காலேஜ் நண்பர்கள் முப்பது பேருக்குப் போட்டுக் காட்டி, யாரு எந்த இடத்துல போனை எடுத்தாங்கன்னு நோட்டுல குறிச்சிருக்கான். அந்த இழுவையான பன்னெண்டு நிமிசத்துல இருபத்தியொரு பேரு போனை எடுத்திருக்காங்க. அதை வெட்டப் போறானாம்.

எங்க பாஷையில இதுக்குப் பேரு டெஸ்டிங் :-)

டிஸ்கி: என் ஐம்பதாயிரம் திரும்ப வராதுன்னு எனக்குத் தெரியும். சித்தி நகை வரணும்.